கால் தேய்க்கும் மெஷினை ஆன் செய்வதற்கு முன்

"வலிக்கவே இல்லீங்க டாக்டர். வலிக்கலைன்னுதான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சேன்."

ஈரோட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து எங்கள் பாத சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஒரு அம்மா சொன்னது இது. வயது 62. சர்க்கரை நோய் வந்து 16 வருடம் ஆகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவின் காய்த்துத் தடித்த குதிகாலைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. சுழலும் ரோலரால் கெட்டித் தோலைத் தேய்த்தெடுக்கும் ஒரு கால் தேய்க்கும் மெஷினை ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா ஒரு சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே வலது குதிகாலைத் தேய்த்திருக்கிறார். வெள்ளைப் பொடி கொட்டக் கொட்ட அவருக்கு சந்தோஷம். கீழே விரித்திருந்த பழைய துண்டில் ஈரம் தட்டுப்பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். ரத்தம்.

என்னிடம் வரும்போது பத்து நாள் ஓடிவிட்டது. ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண். சுற்றிலும் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டு, அந்தக் காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டதில் நல்லபடியாக ஆறிவிட்டது. எல்லோருக்கும் இப்படி ஆறிவிடுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மெஷினே கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உணர்ச்சி நன்றாக இருக்கும் காலுக்கு அது நல்ல கருவிதான். ஷேவிங் பிளேடால் சீவுவதைவிட, துவைக்கிற கல்லில் குதிகாலைப் போட்டு உரசுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் காலுக்கு வலிக்கத் தெரியுமா?

முதலில் காய்ப்பு ஏன் வருகிறது என்று பார்ப்போம். கண் இமையில் மேல்தோல் வெறும் 0.05 மி.மீ. தான். உள்ளங்காலில் அது ஒன்றரை மி.மீ. வரை இருக்கும். அங்கே வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. அதனால் காலின் தோல் தானாக எண்ணெய்ப் பசை பெறாது, சீக்கிரம் காய்ந்துவிடும். இந்தத் தோலில் ஒரே இடத்தில் அழுத்தமும் உரசலும் விழுந்துகொண்டே இருந்தால், உடம்பு அந்த இடத்தில் அடுக்கு மேல் அடுக்காகத் தோலைக் கெட்டியாக்கும். காலைப் பார்த்தே ஒருவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். செருப்பில்லாமல் சமையலறையில் நின்றே வேலை செய்பவருக்குக் குதிகால் ஓரத்தில். தறியில் மிதி மிதிப்பவருக்கு முன்பாதத்தில். காலமெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூக்கட்டியவருக்குக் கணுக்காலின் வெளிப்புற எலும்பின் மேல், கறுத்த ஒரு வில்லை போல. வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் இந்தக் கடைசிக் காய்ப்பு அவ்வளவாக வராது. நம் ஊரில் தினமும் பார்க்கிறேன்.

காய்ப்பு என்பது காலே போட்டுக்கொண்ட கவசம். ஆனால் ஓர் அளவைத் தாண்டித் தடித்துவிட்டால், அதுவே செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கெட்டித் தோல் அடியிலுள்ள மென்மையான சதையை நசுக்கும். சர்க்கரை நோயாளிகளின் காய்ப்பைச் சீவி எடுத்தவுடன் அந்த இடத்தில் விழும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதை 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அதனால் காய்ப்பைக் குறைப்பது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, அவசியமான வேலை. அதை யார் செய்வது, எவ்வளவு எடுப்பது என்பதில்தான் தப்பு நடக்கிறது.

பெருவிரலுக்கு அடியில், முன்பாதம் உருண்டு நிற்கும் இடத்தில் வரும் காய்ப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மேலே மஞ்சளாக, மெழுகு காய்ந்தது போல இருக்கும். நடுவில் ஒரு கரும்புள்ளி. பார்ப்பவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள், அதைத்தான் முதலில் தேய்ப்பார்கள். அது அழுக்கே இல்லை, உள்ளே கசிந்து உறைந்த ரத்தம். பிளேடை ஏறக்குறையப் படுக்க வைத்து, வெங்காயச் சருகு மாதிரி ஒவ்வொரு படலமாக எடுத்துக்கொண்டு வருவேன். நாலாவது ஐந்தாவது படலத்தில் புள்ளி பழுப்பாக விரியும். இன்னும் ஒரு படலம் எடுத்தால் சில நேரம் உள்ளே ஒரு குழி திறக்கும், சீழ் எட்டிப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் காய்ப்பு, அடியில் பல நாளாகப் புண். இந்த இடத்தில் சுழலும் ரோலரை வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ப்பில் கரும்புள்ளி, நீலம், பழுப்பு எது தெரிந்தாலும் மெஷினைத் தொட வேண்டாம், நேரே மருத்துவரிடம் வாருங்கள்.

வலிக்கத் தெரியுமா என்று கேட்டேன் இல்லையா, அதை வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் மருத்துவமனைக்காரர்கள் வகுத்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஆட்காட்டி விரலால் மெல்லத் தொடட்டும். ஓரிரு விநாடி தொட்டால் போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடவும் கூடாது. தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் நாங்கள் உறுதி செய்வோம்.

வலி தெரியாத கால் எப்படி அழிகிறது என்று மருத்துவ உலகத்துக்குப் புரிய வைத்ததில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்ந்து போகின்றன என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகளின் காலில் நாங்கள் பார்ப்பதும் அதேதான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆன்லைனில் இந்த மெஷினை வாங்கும் வீடுகளில் எத்தனை வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார்!

ஆகவே, சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்கள், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்று நின்று போகிறவர்கள், கால் எப்போதும் ஜில்லென்று இருப்பவர்கள், காலில் ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்கள், இவர்கள் யாரும் தானாகத் தேய்க்கக் கூடாது. ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மெஷின்களின் பெட்டிக்குள் ஒரு சின்ன எழுத்துக் காகிதம் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தமிழில் இருப்பதில்லை, அதனால் யாரும் படிப்பதில்லை.

சரி, உங்கள் காலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது, புண் இல்லை, சர்க்கரை இல்லை. அப்படியானால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

குளிப்பதற்கு முன், கால் காய்ந்திருக்கும்போது தேய்ப்பதுதான் நல்லது. வெந்நீரில் ஊறவைத்து உடனே தேய்ப்பதைப் பலரும் செய்கிறார்கள். ஊறிய தோல் மெத்தென்று ஆகிவிடும். எவ்வளவு எடுத்தோம் என்று தெரியாது, நல்ல தோலும் சேர்ந்து போய்விடும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, கீழே செய்தித்தாள் விரித்து, காலை மடியில் தூக்கி வைத்து, பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டு வேண்டாம். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எதுவும் ரோலர் பக்கம் வராமல் செருகிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. ரோலர் சுழலும்போது சூடு ஏறும்; அந்தச் சூடே தோலைப் பொசுக்கிவிடும். அழுத்தினால் வேகம் கூடும் என்று நினைப்பது தப்பு, பல மெஷின்கள் அழுத்தினால் நின்றுவிடும். அப்படி நிற்பது பழுதில்லை, அதிகம் அழுத்துகிறீர்கள் என்று அது சொல்கிறது.

எங்கே நிறுத்துவது? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அவ்வப்போது மெஷினை அணைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். காய்ப்பு மரப்பலகை மாதிரி இருந்த இடம், அழுத்தினால் லேசாக உள்வாங்கித் திரும்பி வர ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும். இளஞ்சிவப்பு தெரியும்வரை போனால் அதிகம் போய்விட்டீர்கள். வருடக் கணக்கில் சேர்ந்த காய்ப்பை ஒரே நாளில் வழித்தெடுக்க வேண்டாம். ஒரு வாரம் இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவையாக எடுங்கள். முழுக்க மொட்டையாகத் தேய்த்துவிட்டால் நடக்கவே எரியும். கால் பயந்துபோய் முன்னைவிட வேகமாகக் காய்ப்பைப் போட்டுக்கொள்ளும். கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும், அது காலுக்கு வேண்டும்.

முடித்ததும் கழுவி, விரல் இடுக்கு வரை ஒற்றித் துடைத்துவிட்டு கிரீம் போடுங்கள். உண்மையில் பாதி வேலை கிரீம்தான் செய்கிறது. யூரியா கலந்த கிரீமாகப் பாருங்கள். சாதாரண வறட்சிக்கு 10 சதவீதம், தடித்த குதிகாலுக்கு 20 முதல் 25 சதவீதம். ராத்திரி தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். வாங்க முடியாதவர்கள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவலாம், கால் கழுவித் துடைத்த ஈரப்பதம் இருக்கும்போதே. விரல் இடுக்கில் மட்டும் எதுவும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

ரோலரை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். படர்தாமரையும் மருவும் அதன் வழியாகவே ஆளுக்கு ஆள் போகும். ஆளுக்கொரு ரோலர் வைத்துக்கொள்ளுங்கள்.

பித்த வெடிப்பு ஆழமாக, ரத்தம் கசிகிற மாதிரி இருந்தால் அதன் மேல் ரோலர் ஓட்டக் கூடாது. நிற்கும்போது குதிகாலின் சதை பக்கவாட்டில் விரியும். ஓரத்தில் காய்ந்து கெட்டிப்பட்ட தோலால் விரிய முடியாது, அதனால் கிழிகிறது. வெடிப்பை முதலில் களிம்பு போட்டு மூட வையுங்கள், அப்புறம் கெட்டி ஓரத்தை லேசாகக் குறைக்கலாம்.

காய்ப்பு போலவே தெரியும் வேறு சிலவும் உண்டு. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி, இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கினால் வலிப்பது பெரும்பாலும் வைரஸால் வரும் மரு. மருவைத் தேய்த்தால் பரவும். உள்ளங்கால் முழுக்க மாவு பூசியது போலச் செதில், கூடவே ஒரு உள்ளங்கையிலும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சொரியாசிஸ் உள்ளவர் காலைத் தேய்த்தால் தேய்த்த இடத்திலேயே அது கூடும். தேய்க்கத் தேய்க்க மோசமாகிறது என்றால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும், ஆணி மேல் ஒட்டுகிற கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம். ஆணியை அரிக்கிற அதே அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். எருக்கம்பாலும் அப்படியே. குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுடவைத்து, எருக்கிலை போட்டு மிதிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. உணர்ச்சி உள்ளவர் சூடு தாங்காமல் காலை எடுத்துவிடுவார். மரத்த காலுக்கு எடுக்கத் தெரியாது. கொப்புளத்தோடு வந்த கால்கள் பல பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு தேய்த்தாலும் அழுத்தம் அப்படியே இருந்தால் காய்ப்பு திரும்பி வரும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். டைல்ஸும் கிரானைட்டும் வந்த பிறகு நம் வீட்டுத் தரை மண் தரையைப் போல விட்டுக்கொடுப்பதில்லை. தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய எம்.சி.ஆர். செருப்பு (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் செய்தது) இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. மேலே மெத்தென்று, அடியில் கெட்டியாக, பின்வாருடன் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த அம்மாவின் மெஷின் இப்போது புது ரோலரோடு மருமகளிடம் இருக்கிறது. அம்மா மாதம் ஒரு முறை வருகிறார், நான் சீவிவிடுகிறேன். போன தடவை மகனும் கூட வந்திருந்தார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அவரையே விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறில் ஒன்றைத்தான் அம்மா சரியாகச் சொன்னார். "தொட்டுட்டியா கண்ணு?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார். மகனின் விரல் அப்போது அம்மாவின் சுண்டுவிரல் மேல்தான் இருந்தது.