ரோபோ: நம் ஊர்ச் சொல் 'வெட்டி'

'ரோபோ' செக் மொழியிலிருந்து வந்தது. 1920-இல் காரெல் சாபெக் எழுதிய ஒரு நாடகத்தில்தான் இந்தப் பொருளில் முதலில் புழங்கியது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். மூலச்சொல் 'ரொபோட்டா': குடியானவர் நிலப்பிரபுவுக்குச் செய்து தீரவேண்டிய கட்டாய வேலை. ஆஸ்திரியப் பேரரசில் அது 1848-இல் ஒழிந்தது.

இதற்கு நேரான சொல் சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது: வெட்டி. கூலியில்லாமல் செய்யவேண்டிய ஊர் வேலை. ஆஸ்திரியாவில் ஒழிந்து பத்தே வருஷத்தில், 1858-இல், இங்கே வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க சென்னை மாகாணத்துக்கென்று சட்டமே போட்டார்கள். இன்றோ 'வெட்டியா இருக்கான்' என்றால் வேலையில்லாதவன். கூலி வராத வேலையை வேலை என்றே யாரும் எண்ணாததால் பொருள் இப்படிப் புரண்டிருக்கலாம்.

தமிழில் 'எந்திரன்', 'இயந்திர மனிதன்' என்கிறோம். கார் ஆலையில் வெல்டிங் வைக்கும் ஒற்றைக் கைக்கு 'மனிதன்' எதற்கு? ரோபோ என்றே எழுதலாம், குற்றமில்லை. ஆட்டோமேஷனுக்குத் தானியக்கம் (தான் + இயக்கம்). அதைச் செய்யும் கருவி தானியங்கி. நெல் விளையும் ஊரில் 'தானியம்' என்று கண் படித்துவிடும் என்றால் 'தன்னியக்கம்' என்று போடுங்கள்.

டெல்டாவில் அடிக்கடி தானியக்கம் என்று குழப்பிக்கொள்வது அறுவடை வண்டியை. அறுப்பு, கதிரடிப்பு, தூற்றல் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கிறது. ஆனால் சாய்ந்த பயிருக்குக் கத்தியை இறக்குவதும், சேற்று வயலுக்கு டயர் வண்டியா பெல்ட் வண்டியா என்று பார்ப்பதும் ஆள்தான். அது இயந்திரமயம், தானியக்கம் ஆகாது.

தானியக்கம் என்றால் பம்புசெட்டின் ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே போடும். கரண்டுக்காக ராத்திரி விழித்துக் கிடந்ததுதான் அசல் வெட்டி வேலை, அது ஒழிந்தது. ஆனால் மூன்று முனையில் ஒன்று (பேஸ்) போனால் நிறுத்தும் தடுப்பான் இல்லாவிட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். போர்வெல்லில் நீர் இறங்கி மோட்டார் வறட்டில் ஓடினால் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேயும். எல்லாம் சரியாக ஓடினாலும், விடியற்காலை இரண்டு மணிக்கு மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்ப ஆள் இல்லையென்றால், முந்தின நாள் போட்ட யூரியா தண்ணீரோடு வரப்பு வழிந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும்.