பெங்களூருக்கு ஒரு சைஸ் குறைத்துப் போடலாமா? டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் ஜெட் பற்றி

பெங்களூரில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடு பழகியவர்கள் அனைவரும் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றின் அடர்த்தி குறைவு, ஆகவே கம்பெனி போட்டு அனுப்பிய மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையுள்ள பித்தளைத் திருகை, கழற்றிவிட்டு ஒரு சைஸ் சிறியதைப் போட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்பார்கள். ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து கைமாறி வந்த இந்தக் கணக்கில் அன்று தவறு எதுவும் இல்லை. இன்று பெட்ரோல் மாறிவிட்டது, கணக்கு மட்டும் மாறவில்லை. மண் பாதையிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுவதற்காகச் செலவு செய்து வாங்கிய வண்டிகள் இந்த ஒரு காரணத்தால் பிஸ்டன் வெந்து என் பட்டறைக்கு வருவதைத் தொடர்ந்து பார்ப்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உயரத்தின் கணக்கைப் பார்ப்போம். 920 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. வென்ச்சுரி எனும் அதன் குறுகிய காற்றுப் பாதையில் உண்டாகும் உறிஞ்சலைக் கொண்டே அது பெட்ரோலை அளக்கிறது. அதனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. விளைவாகக் கலவையில் பெட்ரோல் சுமார் 4 அல்லது 5 சதவீதம் கூடுதலாகிவிடுகிறது. இதைத்தான் ‘ரிச்’ என்கிறோம். ஒரு சைஸ் குறைக்கும் பழக்கம் இந்தக் கூடுதலைச் சரிசெய்யவே வந்தது.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று, இதே பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் அறிமுகப்படுத்தப்பட்டது. இன்று பங்கில் சாதாரணமாகப் போடுவதே அதுதான். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருப்பதால் அது எரிவதற்கு வெளிக்காற்று குறைவாகவே போதும். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. 10 சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 14.1 கிலோ, 20 சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 13.5 கிலோ. வேறு விதமாகச் சொன்னால், அதே ஜெட்டை வைத்துக்கொண்டு பெட்ரோலை மட்டும் மாற்றினால், எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்குச் செட் செய்த வண்டி சுமார் 8 சதவீதமும், 10 சதவீதக் கலப்புக்குச் செட் செய்த வண்டி 4 சதவீதத்துக்கு மேலும் ‘லீன்’ ஆகிவிடுகிறது, அதாவது கலவையில் பெட்ரோல் போதாமல் போகிறது. உயரம் கொடுத்த கூடுதலை எத்தனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்கு மேலும் ஒரு சைஸ் குறைத்தால் அந்தப் பற்றாக்குறையைப் பிஸ்டன்தான் தாங்க வேண்டியிருக்கும்.

லீன் கலவை வலிக்காமல் கெடுக்கும் என்பதே இதில் உள்ள பெரிய அபாயம். ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் வண்டி துள்ளும், சத்தம் கூர்மையாகும், புகை குறைந்தது போலத் தோன்றும். அல்சூரிலிருந்து ஒரு இளைஞர் 250 சிசி எண்டூரோ வண்டியை, அதாவது காட்டுப் பாதை வண்டியை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். “அண்ணா, ஜாம் ஆகுறதுக்கு முன்னாடிதான் வண்டி செமையா இழுத்துச்சு, அதுவரைக்கும் அப்படி இழுத்ததே இல்ல” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. சிலிண்டரைக் கழற்றியபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாகக் கீறியிருந்தது. உருகி இழுபட்ட அலுமினியம் ரிங்கின் மேல் படிந்து, ரிங் காடியை விட்டு அசையாமல் சிக்கியிருந்தது. பிஸ்டன் தலையின் ஓரம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலச் சொரசொரத்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கடுகைவிடச் சிறிய பளபளப்பான துகள்கள் ஒட்டியிருந்தன. அந்தத் துகள்கள் பிஸ்டனின் அலுமினியம். பிளக்கில் அவற்றைப் பார்த்த பிறகும் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பது சிலிண்டரையும் சேர்த்து இழப்பதற்கான வழி.

ஜெட்டைத் தொடும் முன் இன்ஜின் காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸும் உறிஞ்சும் பாதையின் ஒரு பகுதி என்பதால், கார்புரேட்டர் ரப்பரில் ஒரு வெடிப்போ, ரீட் வால்வு கேஸ்கெட்டில் ஒரு கசிவோ, மேக்னெட் பக்கத்து ஆயில் சீலில் ஒரு தேய்மானமோ இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கி நின்றால் முதல் சந்தேகம் அங்கேதான் விழ வேண்டும். கிளட்ச் பக்கத்து சீல் போனாலோ அறிகுறி நேர்மாறாக இருக்கும்: கியர் பாக்ஸ் ஆயிலை இழுத்து வெண்புகை தள்ளும், ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். எக்ஸாஸ்டையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றேற்றி, அழுத்தம் சில நிமிடங்கள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. கசிவை வைத்துக்கொண்டு பெரிய ஜெட் போட்டு ஈடுகட்டுவதை நான் ஏற்பதில்லை. கசிவு நாளுக்கு நாள் பெரிதாகும், ஜெட் அப்படியே இருக்கும். ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் பூசுவதும், ஃப்ளோட் உயரத்தை வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைப்பதும் இதே கட்டத்தில் முடிந்துவிட வேண்டிய வேலைகள்.

அடுத்தது செட்டிங். கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். வண்டி எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை ஆர்பிஎம்மை வைத்துச் சொல்லாமல் ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்தே சொல்ல வேண்டும். மூடிய நிலையிலிருந்து கால் வரை பைலட் ஜெட் எனும் சிறிய ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதன் முடிவில் ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் வெட்டும் ஆள்கின்றன. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலின் வேலை. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். காட்டுப் பாதையில் ஓட்டுபவர் பெரும்பாலான நேரம் முதல் இரண்டு பகுதிகளிலேயே இருக்கிறார். ஆனால் எல்லாரும் மாற்றத் துடிப்பது மெயின் ஜெட்டைத்தான்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பி, ஐட்லிங் அதிகமாக எழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். டூ ஸ்ட்ரோக் கார்புரேட்டரில் ஏர் பாக்ஸ் பக்கம் இருக்கும் இந்த ஸ்க்ரூ காற்றை ஆள்வது. உள்ளே திருகினால் ரிச், வெளியே திருகினால் லீன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்துவிட்டால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரியது. நீடிலில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து கலவை ரிச் ஆகும், மேலே ஏற்றினால் லீன் ஆகும். அரை ஆக்சிலரேட்டரில் வண்டி அடைத்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள்; தெளிந்தால் லீன், இன்னும் மோசமானால் ரிச். மெயின் ஜெட்டைப் பொறுத்தவரை எப்போதும் பெரியதிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக் போல விட்டு விட்டு வெடித்தால் பெட்ரோல் கூடுதல் என்று பொருள். ஒரு சைஸ் குறைத்து, அந்தத் தடுமாற்றம் நீங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். “இன்னும் ஒன்று குறைத்துப் பார்ப்போமே” என்ற ஆசைக்கு அங்கே இடம் கொடுக்கக் கூடாது. இந்தச் சோதனையைத் தனியார் நிலத்திலோ டிராக்கிலோ மட்டுமே செய்ய வேண்டும். ஓசூர் நெடுஞ்சாலை அதற்கான இடம் அல்ல.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழைய முறையில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் கரி குறைவாக எரிவதால், சரியான செட்டிங்கிலும் பீங்கான் வெளுத்தே தெரியும். காப்பி நிறம் வரும்வரை ஜெட்டை ஏற்றிக்கொண்டே போனால் வண்டி மூச்சுத் திணறும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையைப் பார்ப்பதே மேல். கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்குள் திறக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளுக்கு நேராகப் புதிய கலவை வந்து கழுவிய இடங்கள் கரியில்லாமல் சுத்தமாகத் தெரிய வேண்டும். அந்தத் திட்டுகள் இல்லாமல் தலை முழுவதும் ஒரே கரியாக இருந்தால் லீன். பாதிக்கு மேல் கழுவப்பட்டிருந்தால் ரிச்.

ஜெட்டில் பொறித்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கெய்ஹின் எண் துளையின் விட்டத்தையும், மிக்குனியின் அறுகோண ஜெட் எண் பெட்ரோல் பாயும் அளவையும் குறிப்பதால், ஒரு கம்பெனியின் 160-ஐக் கழற்றி மற்றொன்றின் 160-ஐப் போடுவது ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. போலி ஜெட்டுகளில் எண் ஒன்றாகவும் துளை வேறாகவும் இருக்கும். அடைப்பு எடுக்க ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

ஊர் மாறும்போது செட்டிங்கும் மாற வேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்கு முக்கியமான செய்தி. ஞாயிறு ஓட்டத்துக்காகவோ பந்தயத்துக்காகவோ வண்டியை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கு இறங்கினால், நமக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த உயரம் போய்விடும். எத்தனால் மட்டும் மிஞ்சும். சென்னை வெயில் காற்றின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் முழுவதையும் ஈடுகட்டாது. பெங்களூரில் மிகச் சரியாக இருந்த வண்டிக்கு அங்கே மெயின் ஜெட்டில் ஒன்று, சில சமயம் இரண்டு சைஸ் கூட்ட வேண்டியிருக்கும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏறினால் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. வண்டி அடைக்கும், பிளக் நனையும், ஆனால் பிஸ்டன் பிழைத்திருக்கும். ஒரே ஊரிலும் 15 டிகிரி டிசம்பர் விடியலுக்கும் 35 டிகிரி ஏப்ரல் மதியத்துக்கும் இடையே அடர்த்தியில் 6 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. மதியம் லீனின் விளிம்பில் செட் செய்த வண்டியைக் குளிர்ந்த காலையில் முழு ஆக்சிலரேட்டரில் முறுக்குவது ஆபத்து.

பயத்தில் ஆயிலைக் கூட்டி ஊற்றுபவர்களும் உண்டு. ஒரு லிட்டருக்கு 20 மில்லி என்பதை 31 மில்லி ஆக்கினால், அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் ஒரு சதவீதம் குறைகிறது. அதாவது லீன் சற்றே கூடுகிறது. ஆயில் உராய்வுக்கு மருந்து, கலவைக்கு அல்ல. ஆக்சிலரேட்டரை மூடியபடி கியரிலேயே நீண்ட இறக்கத்தில் இறங்கினால் பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் வராமல் போகும். நந்தி மலையிலிருந்து இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.

ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஒரு அளவுக்கு மேல் நீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். அந்த அடுக்கில் ஆயில் கரையாது. டேங்கின் அடியிலிருந்து கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான். ஓட்டி முடித்து வண்டியை நிறுத்தி வைப்பதானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, அடுத்த முறை புதிதாகக் கலந்து ஊற்றுங்கள்.

ஓட்டும்போது இடது கையின் ஒரு விரல் கிளட்ச் லீவரில் இருக்கட்டும். வண்டி காரணமில்லாமல் தளர்வதும், சத்தம் மந்தமாவதும், உலோகம் உரசும் ஒலி கேட்பதும் ஜாம் ஆவதற்கு முந்தைய சில நொடிகள். அப்போது கிளட்சைப் பிடித்துவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜின் ஆறிய பிறகு அது கிக்கில் சுழன்றாலும், கழற்றிப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.