ப்ளேரைட்: எழுதுகிறவரா, செய்கிறவரா?

சில மாதங்களுக்கு முன் கைக்கு வந்த ஒரு நாடக அழைப்பிதழில் 'ப்ளே ரைட்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு அதன் கீழே ஒருவர் பெயர் இருந்தது. காதால் மட்டும் கேட்டுப் பழகிய யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ப்ளே என்றால் நாடகம், ரைட் என்றால் எழுது, ஆக நாடகம் எழுதுகிறவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இடத்தில் எழுத்துப்பிழை விடுவதுண்டு. ஆனால் சரியான ஆங்கிலச் சொல் 'ப்ளேரைட்', அதன் பின்பாதிக்கும் எழுதுவதற்கும் சம்பந்தமே கிடையாது. டபிள்யூ, ஆர், ஐ, ஜி, ஹெச், டி என்று ஆறு எழுத்தில் வருகிற இந்த ரைட் வேறு. கையால் ஒன்றைச் செய்து கொடுக்கிற தொழிலாளி என்று அர்த்தம்.

பழைய ஆங்கிலத்தில் இதை ஏறத்தாழ 'விர்ஹ்த்தா' என்று சொல்லியிருக்கிறார்கள். வேலையைக் குறிக்கிற 'வர்க்' இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே வேர். நாளாக ஆக நடுவில் இருந்த ரகரம் முன்னால் தாவிவிட்டது. மதுரையை மருதை என்றும் குதிரையைக் குருதை என்றும் நம் ஊரில் சொல்கிறார்களே, அதே சங்கதிதான். வீட்டு கேட்டுக்கு 'ராட் அயர்ன்' வேண்டும் என்று பட்டறையில் கேட்கிறோமே, அந்த 'ராட்' கூட 'வர்க்' என்பதன் பழைய இறந்தகால வடிவம், வேலைப்பாடு செய்த இரும்பு என்று பொருள்.

ஷிப்ரைட் என்றால் கப்பல் கட்டுகிறவர், நம் கடற்கரையில் அவருக்கு ஓடாவி என்று அழகான பெயர் இருக்கிறது. வீல்ரைட் சக்கரம் செய்கிற தச்சர், கார்ட்ரைட் வண்டி செய்கிறவர். இந்த வரிசையில் வந்து உட்கார்ந்ததுதான் ப்ளேரைட். அதாவது, நாடகத் தச்சர்.

ஆனால் இது மரியாதையாகப் பிறந்த சொல் மாதிரித் தெரியவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை அச்சில் அழுத்தமாகப் பயன்படுத்தியவர் ஷேக்ஸ்பியரின் காலத்து நாடகாசிரியரான பென் ஜான்சன். 1616இல் வந்த அவருடைய தொகுப்பில் 'ப்ளேரைட்' என்று பெயர் சூட்டி ஒருவனைக் குத்துகிற குறுங்கவிதைகள் மூன்று இருக்கின்றன. அதில் ஒன்றில், என் சின்னச் சின்ன வேடிக்கை வரிகளைக் கேட்டு ஆகா ஓகோ என்று முகத்துக்கு நேரே புகழ்ந்தவன், அதிலிருந்து ஐந்தைத் திருடித் தன் நாடகத்தில் செருகிவிட்டான் என்று பொரிகிறார். சரக்கு இல்லாமல் பலகையை அடித்து ஒட்டுகிறவன் என்ற ஏளனம் அந்தப் பெயரில் இருக்கிறது, தன்னைக் கவிஞன் என்று சொல்லிக்கொள்ளவே ஜான்சன் விரும்பினார். இத்தனைக்கும் அவர் கொத்து வேலை பார்த்தவர், மேடையில் நடித்தவர். கவிஞனைக் குறிக்கிற 'பொயட்' என்ற சொல்லும் 'செய்' என்கிற கிரேக்க வினையிலிருந்து வந்ததுதான். ஆக, ஏசிய பெயருக்கும் ஏற்றுக்கொண்ட பெயருக்கும் உள்ளே ஒரே பொருள்.

ஏசலாக வந்த அந்தச் சொல்தான் சரியான சொல் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுவதற்குக் காரணம் ஒரு மனிதர்: ஹெரால்ட் பின்டர். 1930இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தவர். 2005இல் நோபல் பரிசு கிடைத்ததால் எழுத்தாளர் என்றே நமக்கு அறிமுகம், ஆனால் நாடகம் எழுத உட்காருவதற்கு முன் பல வருடம் அவருக்குச் சோறு போட்டது நடிப்புத்தான். ஆன்யூ மக்மாஸ்டர் குழுவோடு அயர்லாந்து முழுக்கச் சுற்றினார், அப்புறம் டொனால்ட் வுல்ஃபிட் குழு, அதற்குப் பிறகு 'டேவிட் பேரன்' என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்டு, அடிக்கடி நாடகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிற ஊர் ஊரான அரங்குகளில் கிடைத்த வேடமெல்லாம் கட்டினார். 1957இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக நாடகத் துறையில் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஹென்றி வுல்ஃப் கேட்டதற்காகச் சில நாள்களில் எழுதிக் கொடுத்ததுதான் முதல் நாடகம். அடுத்த ஆண்டு லண்டனில் ஏறிய 'பர்த்டே பார்ட்டி' எட்டே காட்சியில் நின்றுபோனது. அதைப் பாராட்டி ஹெரால்ட் ஹாப்சன் எழுதிய விமர்சனம் பத்திரிகையில் வந்தபோது நாடகம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1959 ஜூலையில் பிபிசி வானொலியின் மூன்றாம் அலைவரிசையில் பின்டருடைய 'எ ஸ்லைட் ஏக்' நாடகம் ஒலிபரப்பானது. கணவன், மனைவி, வாசலில் நிற்கும் ஒரு தீப்பெட்டி விற்கிற கிழவன். அந்தக் கிழவன் கடைசி வரை வாய் திறப்பதில்லை. மேடையில் என்றால் ஆள் தெரிவான். வானொலியில் பேசாதவன் இருக்கிறானா இல்லையா என்றே கேட்கிறவருக்குத் தெரியாது, கணவன் கேள்வி கேட்கிறான், பதில் இல்லை, மறுபடி கேட்கிறான், தன் கதையையே அவிழ்த்துக் கொட்டுகிறான், அந்த வெற்றிடம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது. அந்தப் பேசாத கிழவனாக அறிவிக்கப்பட்ட பெயர் டேவிட் பேரன், அதாவது பின்டரே. மனைவி பாத்திரத்தில் குரல் கொடுத்தவர் அவர் மனைவி விவியன் மெர்ச்சன்ட். பேச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு தச்சர் மூட்டு பார்ப்பது போலப் பார்த்தவர் பின்டர். அவருடைய பிரதிகளில் மூன்று புள்ளி வைத்தால் ஒரு நீளம், 'இடைநிறுத்தம்' என்று போட்டால் அதைவிட அதிகம், 'மௌனம்' என்று போட்டால் இன்னும் அதிகம். மேசையில் உட்கார்ந்து எழுதி மட்டும் பழகியவருக்கு இந்த அளவுகோல் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை, இது மேடையில் எதிர் நடிகனின் மூச்சைக் கேட்டு நின்றவருடைய கணக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நாடக எழுத்தாளர்' என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது அந்த அழைப்பிதழில் பார்த்த 'ப்ளே ரைட்டர்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு, பொருள் பாதிதான் வருகிறது. 'நாடகாசிரியர்' நெடுங்காலமாக இருக்கிற சொல். இன்றைக்கு ஆசிரியர் என்றால் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது, நாடகம் கற்றுக்கொடுப்பவர் என்று தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. நம் நாடக சபாக்களில் பாட்டும் வசனமும் கட்டினவரேதான் பையன்களுக்குப் பாடம் சொல்லி, நடிக்கவும் பழக்கினார், அவரை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எமனாகவும் சனீசுவரனாகவும் வேடம் கட்டியவர், 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தனி சபா தொடங்கியவர், அவருக்கு வாய்த்த பட்டம் 'நாடகத் தலைமை ஆசிரியர்'. எழுத்து, நடிப்பு, பயிற்சி மூன்றும் ஒரே ஆளிடம் இருந்த காலத்தின் சொல் அது.

'செய்' என்ற பொருளையே பிடிக்க வேண்டும் என்றால் அதற்கும் நம்மிடம் சொல் உண்டு. செய்யுள் என்பதே செய்யப்பட்டது என்று சொல்கிற பெயர். யாத்தல் என்றால் கட்டுதல், யாப்பு அதிலிருந்து வந்தது. நன்னூல் பாயிரமோ இன்னும் ஒரு படி மேலே போய், மரத்தின் கோணலைத் தீர்க்கிற தச்சரின் நூல்கயிற்றையும் மனத்தின் கோணலைத் தீர்க்கிற, படிக்கிற நூலையும் ஒரே செய்யுளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அதனால் அழைப்பிதழில் 'நாடகம் யாத்தவர்: இன்னார்' என்று போட்டால் எனக்கு மகிழ்ச்சி. பொதுவான கட்டுரைக்கு நாடகாசிரியர் போதும்.

கூடவே வருகிற இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். வானொலி நாடகத்தில் குரலால் நடிப்பவரைப் 'பின்னணிக் குரல்' என்று எழுதுகிறார்கள். அது இன்னொருவர் வாயசைவுக்குக் குரல் கொடுப்பவருக்குப் பொருந்தும், வானொலியிலோ பின்னணி என்று ஒன்று கிடையாது, குரல்தான் ஆள். ஆகவே குரல் நடிகர்.

2006 அக்டோபரில், உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு போராடி நலிந்திருந்த நிலையில், பின்டர் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் சாமுவேல் பெக்கெட்டின் 'க்ராப்ஸ் லாஸ்ட் டேப்' நாடகத்தில் ஒன்பது காட்சி நடித்தார். தன் பழைய குரலை ஒலிநாடாவில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கிழவனின் வேடம். மின்சாரச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நடித்தார். நோபல் பரிசு வாங்கி ஒரு வருடம்கூட முடியவில்லை, அந்த மேடையில் அவர் வெறும் நடிகர்.