அச்சுப் பல்விகிதம்: பெரிய டயர் மாட்டிய டீசல் டிரக்குக்கு ஆக்சில் கியர் ரேஷியோ

ஆக்சில் கியர் ரேஷியோ என்பது இரண்டு பல்சக்கரங்களின் பற்களை எண்ணி, பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் கிடைக்கும் விடை. பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும் கூட்டுக்குள், கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற தண்டின் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரௌனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதே 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73, 9-ஆல் வகுத்தால் 4.56, 8-ஆல் வகுத்தால் 5.13.

விற்பனைப் பட்டியல்களில் இருக்கும் எண்கள் ஏன் இவ்வளவு ஒழுங்கற்றவை, 4.00 என்று முழுசாக வைக்கக்கூடாதா என்று தோன்றலாம். 40 பல்லுக்கு 10 பல் என்று வைத்தால் பினியனின் ஒரு பல், கிரௌனின் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சின்னக் குறை இருந்தாலும் அது அந்த நான்கை மட்டும் தேய்த்துத் தின்றுவிடும். 41 பகா எண் என்பதால் ஒவ்வொரு பல்லும் எதிரில் உள்ள எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்திக்கிறது, தேய்மானம் சமமாகப் பரவுகிறது. அந்த விநோதமான தசமங்கள் வேண்டுமென்றே வந்தவை.

சொல்லுக்கு வருவோம். கியர் என்பது ஆங்கிலத்துக்கு ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து போன சொல். முதலில் அதற்கு உடை, தளவாடம் என்றே பொருள். பல்சக்கரம் என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. ரேஷியோ லத்தீனில் கணக்கு, கணக்கிடுதல். ஆக்சிலும் நார்ஸ் வழி வந்ததே. அதன் தூரத்து உறவு வடமொழி அக்ஷம். நம்முடைய அச்சு என்ற சொல்லை அகராதிகள் அந்த அக்ஷத்தோடுதான் இணைக்கின்றன. அப்படிப் பார்த்தால் ஆக்சிலும் அச்சும் வெகு தொலைவில் பிரிந்த ஒரே குடும்பம்.

தமிழில் அச்சுக்கு வயது அதிகம். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் ‘சேம அச்சு’க்கு ஒப்பிடுகிறார். வண்டியில் பாரம் அதிகம், பள்ளத்தில் இறங்க வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், எங்கே என்ன ஆகுமோ என்று மாற்று அச்சு ஒன்றைக் கூடவே கொண்டுபோகிறார்கள். பாதையில்லாத நிலத்தில் ஓடும் வண்டிக்கு அச்சுதான் முதல் கவலை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஒரு சிக்கல்: அச்சு என்றால் சுழலும் கோடு, அதாவது பூமியின் அச்சு என்ற பொருளும் உண்டு, அச்சகத்து அச்சும் உண்டு. அதனால் வண்டியின் ஆக்சிலை மட்டும் குறிக்க இருசு என்ற பழைய சொல்லைச் சிலர் விரும்புகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் இன்று அதைப் படித்ததும் புரிந்துகொள்கிறவர்கள் குறைவு. அச்சாணி என்று எழுதுவது மட்டும் தவறு. அச்சாணி என்பது சக்கரம் கழன்று போகாமல் அச்சின் முனையில் செருகும் ஆணி, அச்சு அல்ல.

கியருக்குப் பாடநூல்களில் பல்லிணை, பற்சக்கரம் என்று இரண்டும் வழங்குகின்றன. ரேஷியோவுக்கு விகிதம், தகவு. இவற்றைச் சேர்த்தால் அச்சுப் பல்லிணை விகிதம் என்று வரும். சரியான தொடர்தான், குறையில்லை. ஆனால் நான் எழுதும்போது அச்சுப் பல்விகிதம் என்று சுருக்கிக்கொள்கிறேன். பல்லை எண்ணி வகு என்ற செய்முறையே அந்தச் சொல்லில் இருக்கிறது. பட்டறையிலும் ‘கிரௌன் பினியன் எத்தனை பல்லு?’ என்றுதான் கேட்கிறார்கள், அதிலிருந்து இது ரொம்ப தூரம் இல்லை.

மொழிபெயர்ப்பில் உண்மையாகவே ஆளைக் குழப்புவது வேறொரு இடம். ஆங்கிலத்தில் லோ கியர் என்றால் எண் பெரியது, ஹை கியர் என்றால் எண் சிறியது. இதைத் தாழ்ந்த விகிதம், உயர்ந்த விகிதம் என்று அப்படியே தமிழாக்கினால் வாசிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். 4.56-ஐத் தாழ்ந்தது என்றும் 3.42-ஐ உயர்ந்தது என்றும் எப்படிச் சொல்வது? எண் பெரிதானால் இழுவை கூடும், எண் சிறிதானால் அதே சுற்றில் வேகம் கூடும். ஆகவே இழுவைப் பக்கம், ஓட்டப் பக்கம் என்று சொல்வது பாதுகாப்பு. ‘வண்டி இழுக்கல’ என்று ஓட்டுநர் சொல்லும் அதே இழுவைதான் இது.

இனி டயர். பல்விகிதத்தைத் தனியாகப் பேசுவதில் அர்த்தமே இல்லை. அந்த எண்ணின் மறுபாதி டயரின் விட்டம். 32 அங்குல டயரோடு 3.73 விகிதத்தில் வந்த ஒரு டிரக்கில் 37 அங்குல டயர் மாட்டினால், பற்கள் எதுவும் மாறாமலேயே விகிதம் மாறிவிட்டது போல ஆகும். 3.73-ஐ 32-ஆல் பெருக்கி 37-ஆல் வகுத்தால் 3.23. வண்டி இப்போது 3.23 விகிதத்தில் ஓடுவது போலத்தான் நடந்துகொள்ளும். கிளம்பும்போது சோம்பும், மேட்டில் கியர் இறக்கச் சொல்லும், தானியங்கி கியர்பாக்ஸ் என்றால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெயால் இணைக்கும் கன்வெர்ட்டர் வழுக்கி எண்ணெய் சூடாகும்.

பழைய நிலைக்குத் திரும்ப என்ன விகிதம் வேண்டும்? கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 3.73 பெருக்கல் 37, வகுத்தல் 32. விடை 4.31. கடையில் 4.30 கிடைத்தால் கிட்டத்தட்ட அதே வண்டி.

அதே கணக்கை என்ஜின் சுற்றில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எடுத்து 5.305-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தை மீட்டரில் வைத்து வகுத்தால், சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று வரும். அதை அச்சுப் பல்விகிதத்தாலும், கியர்பாக்ஸில் அப்போது இருக்கும் கியரின் விகிதத்தாலும் பெருக்கினால் என்ஜின் சுற்று. ஓவர்டிரைவ், அதாவது நெடுஞ்சாலையில் ஓட்டும் மேல் கியர், 0.70 என்று வைத்து மணிக்கு 100 கிலோமீட்டரில் போட்டுப் பார்த்தேன். 32 அங்குல டயரும் 3.73-உம் இருந்தபோது சுமார் 1700 சுற்று. 37 அங்குலம் மாட்டியதும் அது 1475-க்கு விழுகிறது. 4.10 போட்டால் 1620, 4.30 என்றால் மறுபடி 1700, 4.56 என்றால் 1800, 4.88 என்றால் 1930 பக்கம்.

டீசல் என்பதால்தான் இந்தச் சில நூறு சுற்றுகள் இவ்வளவு முக்கியம். பெட்ரோல் என்ஜின் 5500, 6000 சுற்று வரை தாராளமாகப் போகும், அதன் பலமும் மேலேதான் இருக்கிறது. பெரிய டிரக் டீசல்களின் முறுக்குவிசை உச்சம் பெரும்பாலும் 1600-இலிருந்து 2000 சுற்றுக்குள் வந்துவிடும், பல என்ஜின்களில் 3200-ஐத் தாண்டினாலே எல்லைக் கோடு நெருங்கிவிடும். பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குகிறது, பாகங்கள் கனமானவை, உள்ளே பீய்ச்சப்படும் டீசல் கலந்து எரிய நேரம் வேண்டும். ஆக, பயன்படும் சுற்று வரம்பே குறுகியது. அந்த வரம்புக்குக் கீழே 1475-இல் வைத்து முழுப் பாரத்தோடு மேட்டில் மிதித்தால், டர்போ போதிய காற்றைத் தராது, டீசல் மட்டும் கொட்டும், கரும்புகை வரும், புகைக்குழாயின் வெப்பம் ஏறும். முக்கி முக்கி ஏறுவது என்பார்களே, அதுதான். மறுபக்கம், பெட்ரோல் வண்டிக்காரர்கள் 37 அங்குலத்துக்கு 4.88 போடுகிறார்கள் என்று பார்த்து டீசலிலும் அதையே போட்டால், நெடுஞ்சாலையில் என்ஜின் தேவையில்லாமல் கத்தும், எரிபொருள் கூடும், முதல் கியர் கிளம்பின உடனே தீர்ந்துபோகும்.

என் கருத்து இது: பெரிய டீசல் டிரக்கில் கணக்கில் வரும் எண்ணையோ, அதற்கு ஒரு படி மேலேயோ எடுங்கள், அதற்கு அப்பால் போகாதீர்கள். மேலே சொன்ன வண்டி பெரும்பாலும் சாலையில் ஓடி, எப்போதாவது மண்ணில் இறங்கினால், விதிவிலக்காகக் கணக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் 4.10 கூடப் போதும். இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் விஞ்ச், கூரைமேல் சாமான் தட்டு என்று பாரம் ஏறியிருந்தால், அல்லது பின்னால் டிரெய்லர் இழுத்தால் 4.30, 4.56. டயர் மட்டும் அல்ல, உயர்த்திய வண்டி காற்றில் தரும் தடையும் கூடுகிறது என்பதால்தான் அந்த ஒரு படி. கியர்பாக்ஸையும் பார்க்க வேண்டும். பழைய நாலு வேகத் தானியங்கியில் முதல் கியர் 2.45 அளவில் இருக்கும், அதற்கு அச்சின் உதவி அவசியம். 8 வேகக் கியர்பாக்ஸில் முதல் கியரே 4.7 வரை இருப்பதால் அவசரம் குறைவு.

டயரில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 37 என்று எழுதிய டயர், காற்று அடித்து வண்டி மேல் உட்கார்ந்ததும் 36-க்குக் கூட வரும். 315/70ஆர்17 என்று எழுதியிருந்தால் கணக்குப்படி விட்டம் சுமார் 873 மில்லிமீட்டர், அதாவது 34.4 அங்குலம், பேச்சில் மட்டும் 35. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, டயரிலும் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி அந்தத் தூரத்தை அளந்து 3.1416-ஆல் வகுத்தால் உண்மையான விட்டம் கையில் இருக்கும்.

இப்போது வண்டியில் இருக்கும் விகிதம் தெரியவில்லை என்றாலும் வழி உண்டு. கூட்டின் போல்ட்டில் சில வண்டிகளில் சின்னத் தகடு தொங்கும், பற்களின் எண் அதில் இருக்கும். தகடு இல்லையா, கியரை நியூட்ரலில் போட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு முறை சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். மூன்றே முக்கால் சுற்று வந்தால் 3.73. ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது, இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றைத்தான் கிரௌனுக்குக் கொடுக்கும், அதனால்தான் இரண்டு முறை. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் போட்ட அச்சில் இந்த வழி செல்லாது.

பாறையில் மெல்ல ஏறுவதற்கு இன்னொரு எண் பேசப்படும், கிரால் ரேஷியோ. ஊர்தல் விகிதம் என்று தமிழில் சொல்லலாம். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) லோ ரேஞ்ச் என்ற மெதுவான நிலை, அச்சுப் பல்விகிதம் மூன்றையும் பெருக்கினால் அது. 5.61 முதல் கியர், 2.72 லோ ரேஞ்ச், 4.10 அச்சு என்றால் 62.6. என்ஜின் 750 சுற்றில் சும்மா உறுமிக்கொண்டிருக்க, 37 அங்குல டயர் மணிக்கு 2.1 கிலோமீட்டரில் நகரும். மனிதர் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. அச்சை 3.73-ஆகவே விட்டால் 2.3 கிலோமீட்டர். வித்தியாசம் அவ்வளவுதான்! ஊர்தல் மட்டும் தான் தேவை என்றால் 4-க்கு 1 டிரான்ஸ்ஃபர் கேஸ் போடுவது பெரிய பலன் தரும், நெடுஞ்சாலைச் சுற்றையும் தொடாது. ஆனால் அச்சில் குறைப்பதற்கு ஒரு தனி நன்மை உண்டு. முறுக்கு கடைசி இடத்தில் பெருகுவதால், சக்கரத்துக்கு அதே பலம் போனாலும் ஷாஃப்ட்டும் அதன் மூட்டான யூ ஜாயின்ட்டும் கியர்பாக்ஸும் தாங்கும் சுமை குறைவு. டிரான்ஸ்ஃபர் கேஸில் பெருக்கினால் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

இழுவைப் பக்கம் அதிகம் போவதற்கு விலை பினியன் கொடுக்கிறது. கிரௌனின் விட்டம் கூட்டுக்குள் அடங்க வேண்டும், அதைப் பெரிதாக்க முடியாது. ஆக, எண் ஏற ஏற பினியன் சிறுக்கிறது. 3.73-இல் 11 பல், 4.10-இல் 10, 4.56-இல் 9, 5.13-இல் 8. ஒரே நேரத்தில் கடித்துப் பிடிக்கும் பல் குறைகிறது, பினியனின் இடுப்பு மெலிகிறது, டீசலின் முறுக்கு முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. சில அச்சுகளில் கிரௌனைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டிவரும். டேனா 60 என்ற அச்சு வகையில் 4.10 வரை ஒரு கேரியர், 4.56-இலிருந்து வேறொன்று. இந்தச் சங்கடத்தைத் தாண்டத்தான் ஹம்மர் எச்1 போன்ற வண்டிகளில் சக்கர மையத்திலேயே 1.92 குறைப்பு தனியாக வைத்தார்கள். யூனிமாக் டிரக்கின் போர்ட்டல் அச்சும் (சக்கர மையத்துக்கு மேலே அச்சு, இடையில் பல்சக்கரங்கள்) அதே யோசனை.

வேலையைக் கொடுப்பவர் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளி பெரும்பாலும் 0.15-இலிருந்து 0.25 மில்லிமீட்டர், இரண்டு மூன்று முடி அளவு இடம். மஞ்சள் பசையைக் கிரௌன் பற்களில் பூசி, சுற்றிப் பார்த்து, பசை அழிந்த தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்துத்தான் ஷிம் என்ற மெல்லிய தகடு வைப்பார்கள். தடம் விளிம்புக்கு ஒதுங்கியிருந்தால் அந்த அச்சு ஊளையிடும், பிறகு உடையும். புதுப் பல்லை முதலில் குறைந்த தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும், முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் இழுக்கக்கூடாது, அப்புறம் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் பழைய எண்ணையே நினைத்துக்கொண்டிருக்கும், அவற்றையும் திருத்த வேண்டும்.

நாலு சக்கர ஓட்டம் என்றால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். பின்னால் 4.56 போட்டு முன்னால் 3.73-ஐ விட்டு, கெட்டித் தரையில் நாலு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். வேறு வேறு அச்சு வகைகளில் 3.54-உம் 3.55-உம் வந்தால் பயமில்லை. முதலாவது 46-ஐ 13-ஆல் வகுத்தது, இரண்டாவது 39-ஐ 11-ஆல் வகுத்தது, டயரின் நெகிழ்வு அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும்.