லைட்வெயிட்: மெல்லெடை

ஈரோட்டில் ஒரு டீக்கடை. பேப்பரில் குத்துச்சண்டைச் செய்தி படித்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, லைட்வெயிட்டுன்னா நோஞ்சான் பசங்களுக்கு வெக்கிற போட்டிங்களா?" என்று கேட்டார். அவர் கையில் இருந்ததும் டிகாஷன் குறைத்துப் போட்ட லைட் டீ. கேட்டதில் தப்பே இல்லை. நம் பேச்சில் லைட் என்றால் திடம் குறைந்தது. வெயிட்டான ஆள் என்றால் செல்வாக்குள்ளவர்.

ஆனால் குத்துச்சண்டையில் அது ஓர் எடைப்பிரிவின் பெயர். ஒலிம்பிக்கில் 1904 முதல் இருக்கிறது. 1952 முதல் 2016 வரை ஆண்களுக்கு உச்ச எடை 60 கிலோ. டோக்கியோவில் 63 ஆக்கினார்கள். 2012 லண்டனில் பெண்களுக்கும் குத்துச்சண்டை வந்தபோது 60 கிலோவில் அயர்லாந்தின் கேட்டி டெய்லர் தங்கம் வென்றார். அதே லண்டனில் ஆண்கள் தங்கம் உக்ரைனின் லோமச்சென்கோவுக்கு. இவர்களையா நோஞ்சான் என்பது!

இத்தனைக்கும் லைட்வெயிட்டுக்குக் கீழே இன்னும் எடை குறைந்த பிரிவுகள் உண்டு. ஃப்ளை என்றால் ஈ, ஃபெதர் என்றால் இறகு. நடுவில் வரும் பேண்டம் ஒரு குட்டிக் கோழி இனம். ஜாவா தீவின் பேண்டம் துறைமுகத்துப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. சேவல் எடை என்று சொன்னால் பூலாம்வலசு சேவல்கட்டு பார்த்த யாருக்கும் விளங்கும். அங்கேயும் உருவம் பார்த்துத்தானே ஜோடி சேர்க்கிறார்கள்.

சரி, லைட்வெயிட்டுக்குத் தமிழ்? எடை என்பது 'எடு' என்ற வினையிலிருந்து வந்த நல்ல தமிழ்ச் சொல். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஓடும் சாலைகளில் 'எடைமேடை' என்ற பலகையைப் பார்க்காமல் போக முடியாது. சிக்கல் முதல் பாதியில்தான். இலகு எடை என்று எழுதுகிறார்கள். இலகு, வடமொழி லகு. நம் சொல் வேண்டுமென்றால் 'நொய்' இருக்கிறது. ஆனால் நொய் என்றதும் நம் வீடுகளில் உடைந்த அரிசிதான் நினைவுக்கு வரும். மறுபடியும் நோஞ்சான் கதைதான்.

மெல்லெடை என்பதே என் தேர்வு. மெல் + எடை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். மென்மை என்றால் பலவீனம் ஆகிவிடாதா? ங, ஞ, ண, ந, ம, ன ஆறையும் மெல்லினம் என்கிறோம். அவை பலவீனமான எழுத்துகள் என்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் நினைப்பதில்லை. அது ஓர் இனத்தின் பெயர். மெல்லெடையும் அப்படித்தான்.

குத்துச்சண்டைச் செய்திகளில் லைட்வெயிட்டோடு கூடவே வரும் 'அமெச்சூர்', பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். நேசிப்பவர் என்று பொருள். அதைக் கற்றுக்குட்டி என்று பெயர்ப்பது பெரும் பிழை. ஆர்வலர் என்பது பொருந்தும்.

டீக்கடைக்காரருக்கும் சேர்த்து இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பேப்பரை மடித்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ஹெவிவெயிட்டு, வல்லெடைங்களா?"

"ஆமாங்க."