ஒரு வழுத்திருத்தம் வெளியீடாகும் வரை

யாழ்ப்பாணத்து நூலகம் ஒன்றின் கணினிப் பட்டியலில் "கொக்குவில்" என்று தேடினால் அந்த ஊரைப் பற்றிய நூல்களிற் சில வருவதும் சில வராமற் போவதும் நெடுநாளைய முறைப்பாடாக இருந்தது. அந்தப் பட்டியலை இயக்குவது நானும் நண்பர்கள் சிலரும் வேலை நேரத்துக்கு வெளியே பேணிவருகின்ற ஒரு திறந்த மூல மென்பொருள். வராத நூலின் தலைப்பைத் திறந்து பார்த்தால் எழுத்துகள் சரியாகவே தெரிந்தன. ஆயினும் கணினிக்குள் அவை வேறாக இருந்தன. எழுத்துகளுக்குக் குறியெண் தருகின்ற உலகப் பொதுமுறையான யுனிகோட்டில் "ொ" என்பதற்குத் தனிக் குறியெண் உண்டு. "ெ", "ா" ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து இட்டாலும் அதே வடிவம் கிடைக்கும். இரண்டும் சமமானவை என்று யுனிகோட் வரையறுத்திருந்தாலும், எழுத்துகளை ஒன்றுக்கொன்று அப்படியே ஒப்பிடுகின்ற நிரலுக்கு அது தெரியாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை, சமமான வடிவங்களை ஒன்றாக்குகின்ற என்எஃப்சி என்ற யுனிகோட் ஒழுங்குக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இதைக் கண்ட பல்கலைக்கழக மாணவர் ஒருவர், இதனோடு தொடர்புடைய இன்னொரு வழுவுக்கு, அதாவது மென்பொருட் பிழைக்கு, திருத்தம் அனுப்பினார். நம்மிற் பலர் "கௌரி" என்பதை "ெ"யும் "ள"வும் சேர்த்துத் தட்டச்சிடுகிறோம். இந்த இரண்டையும் யுனிகோட் சமமாகக் கொள்ளாததால் என்எஃப்சி இங்கே உதவாது. ஆகவே "ெள" வருகின்ற இடமெல்லாம் "ௌ" என்று மாற்றும் ஒற்றை வரியை அவர் எழுதி, "கௌரி", "மௌனம்" என்ற சொற்களைக் கொண்டு சோதித்துப் பார்த்து, சரியாக இயங்குகிறது என்று குறிப்பிட்டிருந்தார். அதைப் பட்டியலின் நகலொன்றில் ஓடவிட்டபோது "தெளிவு" சிதைந்தது, "கெளிறு" சிதைந்தது, "வெள்ளவத்தை" சிதைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நூலின் பதிவிலும் இருக்கின்ற "வெளியீடு" என்ற சொல்லே சிதைந்தது. அந்த வரி சேமித்த தரவையும் மாற்றியதால், அது நேரே நூலகத்துக்குப் போயிருந்தால் ஒவ்வொரு பதிவையும் பழைய நகலிலிருந்து மீட்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த மாணவரின் அக்கறையில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. அவருடைய சோதனைச் சொற்கள் எல்லாமே திருத்தம் வேலை செய்ய வேண்டிய சொற்களாக இருந்தன; திருத்தம் தொடவே கூடாத சொல் ஒன்றுகூட அவற்றில் இல்லை. நான் பார்த்த திருத்தங்களிற் பெரும்பாலானவற்றின் குறை இதுவே. பின்னர் நாங்கள் சேர்ந்து எழுதிய நிரல், "ள"வை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடத்தில் மட்டும் மாற்றத்தைச் செய்கிறது. அதையும் தேடலுக்கான சுட்டியில் (மென்பொருள் தேடிப் பார்க்கின்ற சொல் அட்டவணையில்) மட்டுமே செய்கிறது. நூலகர் தட்டச்சிட்ட பதிவை மென்பொருள் தானாகத் திருத்துவதற்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

திருத்தம் அனுப்புகின்றவர், வழுவை மீண்டும் உண்டாக்கிக் காட்டும் சோதனையை முதலில் எழுதி, அது தோற்பதைப் பார்த்த பின்னரே நிரலைத் தொட வேண்டும். ஒரு புல் ரிக்குவெஸ்டில், அதாவது திருத்தத்தைச் சேர்க்கும்படி பேணுநருக்கு அனுப்பும் கோரிக்கையில், ஒரு விடயம் மட்டுமே இருக்கட்டும். போகிற போக்கில் கோப்பு முழுவதன் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்திவிட்டால், மாறிய ஆறு வரிகள் நானூறு வரிகளுக்குள் மறைந்துபோகின்றன. வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து பார்க்கின்ற பேணுநருக்கு அவற்றைத் தேடியெடுக்கும் வலு இருப்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்தோடும் பதிகின்ற கொமிட் குறிப்பில் என்ன மாறியது என்பதைவிட ஏன் மாறியது என்பதையே எழுதுங்கள். என்ன மாறியது என்பதை நிரலே சொல்லிவிடும். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கிருந்து பணிபுரிகின்றவர்கள் அலுவலகத்தில் எழுதிய நிரலை அனுப்புமுன் எழுத்தில் அனுமதி பெறுவது அவசியம். லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கருவகம் 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்திலும் அனுப்புகின்றவரின் ஒப்ப வரியைக் கேட்பது, அதைத் தர அவருக்கு உரிமை உண்டு என்பதை உறுதிப்படுத்தவே.

நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் களஞ்சியத்தில் திருத்தம் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பயனாளர் களஞ்சியத்தைப் பார்ப்பதில்லை. நாம் பொதியாக்கி வெளியிடுவதையே நிறுவுகிறார். களஞ்சியத்தில் எல்லோரும் பார்த்துச் சரி என்றதும் அந்தப் பொதிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்ற கேள்வியை உலகம் 2024 மார்ச் 29 அன்று மிகுந்த அச்சத்தோடு கேட்டது. சுருக்கக் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பிறர் இரகசியமாக உட்புக விடும் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருப்பதை போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோரில் ஒருவரான அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் அன்று வெளிப்படுத்தினார். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஏச் என்ற கருவி வழியாக உள்நுழைய ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகப் பிடித்ததே அவரைத் தேட வைத்தது. அந்தக் கள்ளவழியை இயக்கிவைத்த கட்டமைப்புக் கோப்பு, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. அதைச் செய்தவர் ஈராண்டுக்கு மேலாக ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, தனியொருவராக அந்த மென்பொருளைப் பேணிக் களைத்திருந்தவரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீடு செய்யும் அதிகாரத்தையும் பெற்றிருந்தார்.

எங்கள் பிழை அத்தகையதன்று. ஆனால் அதே இடைவெளியில்தான் நிகழ்ந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட நாட்களில், என் மடிகணினியிலேயே பொதி செய்து நான் ஒரு வெளியீட்டைப் பதிவேற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் இணைப்பு நின்றது. மின்சாரம் வந்ததும் அதே பதிப்பிலக்கத்தில் மறுபடியும் பொதி செய்து ஏற்றினேன். முதற்பொதி ஏற்கெனவே ஏறிவிட்டிருந்ததையும், அதற்குள் களஞ்சியத்தில் சேராத என் சொந்த அமைப்புக் கோப்பொன்று இருந்ததையும் அப்போது கவனிக்கவில்லை. ஒரே இலக்கத்தில் இரண்டு வேறு பொதிகள் சிலரிடம் போய்ச் சேர்ந்தன. எது சரியானது என்று அவர்கள் கேட்டபோது, இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த இலக்கத்தை நிறுவுங்கள் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அதன் பின் எவருடைய கணினியிலும் நாங்கள் பொதி செய்வதில்லை. வெளியிடவேண்டிய நிரல்நிலையைக் காட்டுகின்ற, ஒப்பமிட்ட கிட் குறியிலிருந்து வழங்கிக் கணினி ஒன்று தானாகப் பொதி செய்கிறது. வேறொருவர் அதே குறியிலிருந்து தனியாகப் பொதி செய்து, இரண்டின் சரிபார்ப்புத் தொகையும் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கின்ற அடையாள எண்ணும்) ஒத்துவந்தாலே வெளியிடுகிறோம். ஒருமுறை வெளியே போன இலக்கத்தை, ஒரு மணிநேரமே இருந்திருந்தாலும், திரும்பப் பயன்படுத்துவதில்லை.

இலக்கத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். மூன்று பகுதிகள் கொண்ட இலக்கத்தில் கடைசிப் பகுதி மட்டும் கூடினால், வேறெதுவும் செய்யாமல் நிறுவலாம் என்று பயனாளர் நம்புகிறார். எங்கள் எழுத்துத் திருத்தம் சில வரிகளே என்றாலும், அதை நிறுவியவர் தேடற்சுட்டியை முழுவதுமாக மறுபடி ஆக்க வேண்டியிருந்தது. ஆகவே நடு இலக்கத்தைக் கூட்டினோம். முன்வெளியீட்டை அந்த நூலகத்தில் பணிபுரிகின்ற அக்கா ஒருவரிடம் கொடுத்தோம். "கொக்குவில்" முழுவதும் வந்தது. எங்களிடம் இரண்டு நிமிடத்தில் முடிந்த சுட்டியாக்கம் அவருடைய பழைய கணினியில் முக்கால் மணிநேரம் எடுத்தது. அதுவரை வாசகர் எவருக்கும் தேடல் இயங்கவில்லை. வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியாக, நூலகம் மூடிய பின்னரே இதை நிறுவுங்கள் என்று எழுதினோம்.