மைனஸ் 263 டிகிரியில் மெத்தனால்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "விண்மீன் பிறக்கும் முன் இருக்கும் மேகங்கள் அவ்வளவு குளிர் என்கிறீர்கள். அப்படியானால் அங்கே வேதிவினை எப்படி நடக்கும்?" நல்ல கேள்வி. சூடாக்கினால் வினை வேகமாகும் என்றுதானே பள்ளியில் படித்தோம்.

ரிஷப விண்மீன் குழுவின் திசையில் எல்1544 என்றொரு இருண்ட மேகக் கரு, அதாவது வாயுவும் தூசியும் அடர்ந்த திரள், இருக்கிறது. உள்ளே இன்னும் விண்மீன் இல்லை. வெப்பநிலை சுமார் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். ஆனாலும் அங்கே மெத்தனால் என்ற எளிய ஆல்கஹாலின் ஆவியை ரேடியோ தொலைநோக்கிகள் கண்டுபிடித்துவிட்டன.

வாயுவில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துகள்களான காஸ்மிக் கதிர்கள் ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து அயனியாக்குகின்றன. அயனிகளுக்கு வினைபுரியப் பெரும்பாலும் வெப்பம் தேவையில்லை, மின்கவர்ச்சியே போதும். பல மூலக்கூறுகள் இப்படித்தான் உருவாகின்றன. ஆனால் மெத்தனாலுக்கு இந்த வழி போதாது.

அதற்குத் தூசித் துகள் வேண்டும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள். கார்பன் மோனாக்சைடு அதன்மேல் உறைபனியாகப் படிந்திருக்கிறது. ஏறக்குறைய நாளுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு அதில் வந்து விழும். நான்கு அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு மெத்தனாலாகிவிடும். மேகத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் இருப்பதால் அவசரமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். முதல் அணுவும் மூன்றாம் அணுவும் சேர ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். 10 கெல்வினில் அதன் உச்சியில் ஏற வழியே கிடையாது. ஹைட்ரஜன் ஏறுவதும் இல்லை. தடையின் ஊடே போய்விடுகிறது! அணுக்களிலேயே இலேசானது என்பதால் அதன் அலைத்தன்மை தடைக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் நீள்கிறது. இதுதான் குவாண்டம் ஊடுருவல். ஒரு முறை முட்டினால் உள்ளே போகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் பனியில் ஒட்டியிருக்கும் அணு ஒரு நொடிக்குள் எண்ணற்ற முறை முட்டுகிறது. இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால் முட்டிப் பார்ப்பதற்குள் ஆவியாகிப் பறந்திருக்கும். வினைக்கு எதிரி என்று நாம் நினைத்த குளிர்தான் அந்த அணுவைப் பிடித்து வைத்திருக்கிறது. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

2002-இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வாத்தனபே, கோச்சி என்ற ஆய்வாளர்கள் வெற்றிடக் கலத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த 10 கெல்வின் பனிமீது ஹைட்ரஜன் அணுக்களைப் பாய்ச்சினார்கள். இரண்டு அணுக்கள் சேர்ந்த நிலையான ஃபார்மால்டிஹைடும், நான்கும் சேர்ந்த மெத்தனாலும் உருவாயின. பின்னர் இரு மடங்கு கனமான ஹைட்ரஜன் வகையான டியூட்டீரியத்தைப் பாய்ச்சிப் பார்த்தபோது வினை வெகுவாக மந்தமானது. கனமானது ஊடுருவத் திணறும் என்பதால் எதிர்பார்த்ததும் அதுவே.

பெரிய தொலைநோக்கிகளுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அவை காட்டும் மூலக்கூறு எப்படி வந்தது என்று சொல்வது இப்படி ஒரு வெற்றிடக் கலமும் ஒரு துண்டுப் பனியும்தான். அந்த ஆய்வகங்களுக்கும் அதே அக்கறையோடு நிதி ஒதுக்க வேண்டும்.